மீசைக்கு வந்த சோதனை

மேசை மேல், வாய் ஒட்டிய கவர் ஒன்று இருந்தது. பக்கத்தில் ஒரு புது ரேசர், ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு துண்டு. ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த இருபத்திரண்டு பேரும் கவரைப் பார்த்தார்கள், பிறகு தங்கள் தலைவரின் மீசையைப் பார்த்தார்கள்.

சாதாரண மீசை இல்லை, காது வரை போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிய மீசை. அங்கே அவருக்குப் பெயரே மீசைதான்.

“ரெண்டு வருஷம் பீரோவுல துணிக்கு அடியில கிடந்த கவர். ஒரு கசங்கல் இருக்கா பாருங்க, மொடமொடன்னு இருக்கு. எங்க வீட்டம்மாகிட்ட ஒண்ணைக் கொடுத்தா அப்படித்தான்,” என்று மீசை பெருமைப்பட்டார்.

பக்கத்தில் நின்ற வீட்டம்மா அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

விஷயம் இதுதான். கனமான துகள் ஒன்று உடைந்து சிதறுவதைப் படம் பிடித்து, அந்தப் படத்தைப் பின்னோக்கி ஓட்டினால் இயற்கை அதையும் அப்படியே ஒத்துக்கொள்ளுமா? ஒத்துக்கொள்ளும் என்பது மீசையின் கட்சி. ஒத்துக்கொள்ளாது என்பது, சிதறல்களை எண்ணி எண்ணிக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட கண்ணாடிக்காரியின் கட்சி.

“சவரம் பண்றதைப் படம் எடுத்துத் திருப்பி ஓட்டினா சிரிப்பு வரும். தரையில கிடக்கிற முடியெல்லாம் எழும்பி வந்து மூஞ்சியில ஒட்டிக்கும். ஆனா இந்தத் துகளுக்கு முன்னால போறதும் பின்னால வர்றதும் ஒண்ணுதான். இல்லேன்னா என் மீசையை எடுத்துடறேன்,” என்று இரண்டு வருஷத்துக்கு முன்பு எல்லார் எதிரிலும் அவர் வாயை விட்டிருந்தார்.

அவரவர் ஆசைக்குக் கணக்கை வளைத்துவிடக் கூடாது என்பதற்காக அங்கே ஒரு வழக்கம் உண்டு. எண்ண ஆரம்பிக்கும் முன்பே வெளியாள் ஒருவர் ரகசியமாக ஓர் எண்ணைக் கணினியில் போட்டுவிடுவார். விடையோடு அதுவும் கலந்துவிடும், கடைசியில் அதைக் கழித்தால்தான் உண்மை தெரியும்.

எந்தப் பக்கமும் சாயாத ஆள் வேண்டும் என்றபோது, மீசைதான் தன் மனைவியின் பெயரைச் சொன்னார். வீட்டம்மாவும் ஓர் எண்ணைத் தட்டிவிட்டு, அதையே தாளில் எழுதிக் கவரில் போட்டு ஒட்டி, வீட்டுக்கு எடுத்துப் போனார்.

“திரையில முப்பத்தேழு நிக்குது சார்,” என்றாள் கண்ணாடிக்காரி. “கவர்லயும் முப்பத்தேழு இருந்தா மிச்சம் சைபர். முன்னால போறதுக்கும் பின்னால வர்றதுக்கும் வித்தியாசமே இல்ல, நீங்க சொன்னதுதான் சரி.”

“ரெண்டு மூணு முன்னப் பின்ன இருந்தா?”

“அதுவும் சைபர் மாதிரிதான். மீசைக்கு ஆபத்து இல்ல.”

மீசை கவரைக் கிழித்தார். தாளைப் பார்த்தார், கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“பன்னிரண்டு,” என்றார். குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

மிச்சம் இருபத்தைந்து. கூரை பிய்த்துக்கொண்டு போகிற அளவுக்குக் கூச்சல். கண்ணாடிக்காரி பக்கத்திலிருந்தவளைக் கட்டிக்கொண்டு அழுதே விட்டாள்.

மீசை நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். இத்தனை வருஷம் நம்பியது பொய்யாகிப் போனதில் அவருக்கு நிஜமாகவே நெஞ்சு வலித்தது. அந்த நேரம் பார்த்துக் கழுத்தில் துண்டு ஒன்று விழுந்தது.

“ஏங்க, சொன்னா சொன்னதுதான்,” என்று வீட்டம்மா ரேசரைத் தண்ணீரில் நனைத்தார்.

“உனக்குக் கொஞ்சம்கூட வருத்தமா இல்லையா?”

“இருக்கு. தலையை ஆட்டாதீங்க.”

மூன்றே நிமிஷம். காது வரை போனதெல்லாம் தரையில் சுருண்டு கிடந்தது. வெளுத்துப்போன மேலுதட்டோடு உட்கார்ந்திருந்தவரை இருபத்திரண்டு பேரும் யாரோ புது ஆள் வந்திருப்பதுபோலப் பார்த்தார்கள்.

வீட்டம்மா அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தினார். அந்தம்மாவின் கண் லேசாகக் கலங்கியது.

“கல்யாணத்தன்னிக்கு நான் பார்த்த மூஞ்சி. மறுவாரமே வளர்க்க ஆரம்பிச்சீங்க, இருபத்தாறு வருஷம் ஆச்சு.”

தோற்றுப்போன மனிதருக்கு அதைக் கேட்டதும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. வெட்கப்பட்டுச் சிரித்தார்.

வீட்டம்மா ரேசரைக் கழுவி வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு கைப்பையைத் திறந்தார். அடியிலிருந்து, நாலு மூலையும் மடங்கி, பழுப்பேறிக் கசங்கிப்போன ஒரு கவரை எடுத்துக் கணவர் முன்னால் வைத்தார்.

“அன்னிக்கு நான் ஒட்டின கவர் இதுதாங்க.”