ஆறிய மலை

"யாரைக் கேட்டு நீ இதைத் தொட்டே?"

எப்போதும் 'அண்ணே' என்று கூப்பிடுகிறவள். இன்று 'நீ' என்றாள்.

ஆராய்ச்சிக் கப்பலின் மேல்தளத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கடலுக்குள் வலையை இறக்கி ஏற்றும் விஞ்சை ஓட்டுகிற சுடலைமுத்துவின் கையில் வாளி. காலடியில், விரித்த கோணிமேல், அந்தக் கல்.

வழவழவென்று கழுவிய உருண்டைக் கல். அதன் மேல் மூன்று விரல் திருநீறு.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

காலையில்தான் மேலே வந்தது. கடலுக்கடியில் கிடக்கும் மலையின் உச்சியிலிருந்து. இத்தனை நாளும் இரும்பு வலை வெறும் சேற்றைத்தான் அள்ளியது. நாளை கப்பல் கரைக்குத் திரும்புகிறது. கிடைத்தது இந்த ஒன்றுதான்.

நெருப்பைக் கக்கிக் கக்கி எழுந்த மலை. கடலைப் பிளந்து தலை தூக்கி, ஒரு காலத்தில் தீவாக நின்றது. அலைகள் அதன் தலையைச் சீவின. அந்தக் கரையில் உருண்ட கல் இது.

பிறகு மலை ஆறியது. ஆற ஆறத் தாழ்ந்தது. வெயில் எட்டாத இருட்டுக்குள் போனது.

எப்போது போனது?

கல்லில் படிந்திருந்த வெள்ளைத் தோல் சொல்லியிருக்கும். மலை மூழ்கிய காலத்தில் கண்ணுக்குத் தெரியாத சிப்பிகள் ஒட்டிய தோல். அந்த ஒரு பதிலுக்காகத்தான் அவள் இத்தனை வருடம் உழைத்தாள்.

அதைத்தான் அவன் பாத்திரம் தேய்க்கும் நாரால் சுத்தமாகத் தேய்த்து எடுத்திருந்தான்.

பால் பவுடரைக் கரைத்து அபிஷேகம் வேறு.

அவள் பேசியதைத் திரும்பச் சொல்ல வேண்டாம். அவன் ஊர், அவன் புத்தி, அவன் சாமி, எல்லாம் அதில் வந்தன.

அவன் தலை குனிந்து கேட்டுக்கொண்டான்.

அதுவும் அவளுக்குப் பொறுக்கவில்லை. குனிந்து கல்லை வாரி எடுத்தாள். கடலோடு போய்த் தொலையட்டும்.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

கல் சூடாக இருந்தது.

"மேல வந்தப்ப ஐஸா இருந்துச்சு மேடம். அதான் வெந்நீர்ல குளிப்பாட்டுனேன்."

 அவள் கையை இறக்கினாள்.

வெயிலை விட்டுப் போனபின் அந்தக் கல்லுக்குக் கிடைத்த முதல் சூடு.

ஈரம் அவள் முழங்கை வழியே சொட்டிக்கொண்டிருந்தது. முகம் இறுகியேதான் இருந்தது.

அவன் தோளில் துண்டு கிடந்தது.

"குடுங்கண்ணே" என்றாள்.