எடுபடாத புத்தகம்

“ஒருத்தரும் எடுக்காத புத்தகத்தை என்ன செய்வியள், மிஸ்?” என்று சிறுமி தர்சினி ஒருமுறை கேட்டாள்.

“அஞ்சு வருசம் பாத்துட்டுக் கழிச்சுப்போடுவம்” என்றார் வெள்ளவத்தை நூலகர் நேசமலர்.

அடுத்த நாள் பஸ்ஸில் வெடித்த குண்டில் சிறுமி இறந்தாள்.

ஐந்து வருடத்தின் பின் நூலகத்தில் கழிக்கவேண்டிய புத்தகங்களின் பட்டியல் எடுத்தார்கள். பதிவேட்டின்படி, நட்சத்திரங்களைப் பற்றிய ஒரு புத்தகத்தை எவரும் எடுத்ததில்லை. அதன் உள்ளட்டையில் ஒட்டிய திகதித்தாளிலோ அந்த ஐந்து வருடமும் இரு வாரத்துக்கொரு இரவல் முத்திரை விழுந்திருந்தது.

“முத்திரை உங்கட மேசை லாச்சியிலதானே பூட்டிக் கிடக்குது, அக்கா? கால் முளைச்சிட்டுதோ?” என்றார் உதவியாளர் தியாகராசா. “என்னெண்டாலும் நாளைக்கு லொறியில ஏத்தவேணும். இரவல் போனதைத்தான் விடலாம்.”

அவர் போனபின் நேசமலர் தர்சினியின் பெயரில் இரவல் அட்டை எழுதினார். முத்திரை குத்தத் திகதித்தாளைத் திறந்தார். அன்றைய முத்திரை ஏற்கெனவே விழுந்திருந்தது. மை காயவில்லை.

அட்டைக்குத் தகப்பனின் ஒப்பம் இல்லையென்று, அன்று சிறுமி கேட்ட இந்தப் புத்தகத்தைக் கொடுக்காமல் அவளை அனுப்பியவர் நேசமலர்தான். அட்டையில் தகப்பனுக்கான இடத்தில் தானே ஒப்பமிட்டார்.