முன்னால் நின்றவர்

“நான் அவர்கிட்ட கேட்டேன், உங்ககிட்ட இல்ல!”

கிளீவ்லாந்தின் அந்தச் சின்ன உணவகத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கத்தியவர் கர்ட்டிஸ். ஜன்னலோரம் வேட் ஹாலிடேயைக் கண்டதும், சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்த பழைய ரசிகர்.

ஒருகாலத்தில் அமெரிக்கக் கால்பந்தில் வேட் பந்தை வீசக் கையை ஓங்கினால் மைதானமே மூச்சை அடக்கும். எதிரே மலைபோல் உட்கார்ந்திருந்த ஆர்லோவும் அதே அணியில் ஆடியவர்தான். வேட் மீது பாய்ந்து வீழ்த்த வருகிறவர்களைத் தன் உடம்பால் மறிப்பது அவர் வேலை. அவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

“தலைவா, பனி கொட்டின அந்த ஆட்டத்துல தோள்பட்டை விலகியும் எப்படி வீசினீங்க?” என்றுதான் கர்ட்டிஸ் கேட்டிருந்தார். வேட் வாய் திறப்பதற்குள் ஆர்லோ முந்திக்கொண்டார்: “ரெண்டு பேரை நான் மல்லாக்கத் தள்ளினேனே, அதை விட்டுட்டீங்களே!”

கர்ட்டிஸ் கத்தியும் அவர் அடங்கவில்லை.

“தலைவா, கடைசி ஆட்டம் முடிஞ்சு மண்டி போட்டு அழுதீங்களே. அப்போ என்ன நினைச்சீங்க?”

“என்னைத்தான்! நான் இல்லாம இவன் என்ன ஆவான்?” மேசையைத் தட்டிச் சிரித்தார் ஆர்லோ.

வேட்டும் கூடச் சேர்ந்து புன்னகைத்தார்.

“அடுத்தவர் புகழ்ல குளிர் காயறீங்களே, வெக்கமா இல்ல?”

“பழகிப்போச்சுங்க. போனைக் கொடுங்க, நான் படம் எடுக்கிறேன்.”

ஆர்லோ முழங்கால் வலியோடு எழுந்து, இருவரையும் சேர்த்துப் படம் எடுத்தார். கர்ட்டிஸ் கண் கலங்க வேட்டின் கையைப் பற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“எங்க வேட் மாதிரி இன்னொருத்தன் இனிமேதான் பிறக்கணும்!” என்று ஆர்லோவிடம் முறைப்பாகச் சொல்லிவிட்டு வெளியேறினார்.

கதவு மூடியதும் ஆர்லோவின் சிரிப்பு நின்றது. வேட்டின் தட்டிலிருந்த ரொட்டிக்கு மெல்ல வெண்ணெய் தடவிக் கொடுத்தார்.

வேட் ரொட்டியைக் கடித்தபடி யோசித்தார்.

“நல்ல மனுஷன். யாரோ வேட்னு சொன்னாரே, அவர் அவ்வளவு பெரிய ஆட்டக்காரரா?”

“அவரை மாதிரி யாருமே இல்ல,” என்றார் ஆர்லோ. “பதினோரு வருஷம் அவருக்கு முன்னாடி நின்னேன்.”

“கொடுத்து வச்சவர் நீங்க,” என்று மரியாதையோடு அவரை நிமிர்ந்து பார்த்தார் வேட். “ஆமா... உங்க பேரு என்ன?”