கரும்பலகை ஏறிய பின்னூட்டம்

தலைமையாசிரியை சந்திரம்மா, தமிழ் டீச்சர் ஜூலியா, எட்டாம் வகுப்பு தர்ஷினி, அவளுடைய தாத்தா கோவிந்தப்பா. காக்ஸ் டவுன் பள்ளியின் அந்த அறையில் இருந்தது இந்த நால்வர்தான்.

கோவிந்தப்பா நாற்காலியில் முதுகு சாய்க்கவில்லை. கஞ்சி போட்டு விறைத்த வெள்ளைச் சட்டை. ஜீவனஹள்ளியில் எந்த வீட்டு நல்லது கெட்டதுக்கும் முதல் ஆளாக அழைக்கப்படுகிற மனிதர்.

சந்திரம்மா தன் கம்ப்யூட்டரில் வகுப்பு வலைப்பூவின் முகவரியைத் தட்டினார். அனுமதியில்லை என்று சிவப்புப் பட்டை வந்து நின்றது.

“நோடி, பாருங்க யஜமானரே, ஸ்கூல் நெட்ல இதெல்லாம் வராது. வராத பக்கத்துக்கு எதுக்கு இவ்ளோ கோபம்?”

“இங்க வராதுன்னு எனக்கும் தெரியும்மா. போர்டுல வந்துடுச்சே.”

வந்துதான் விட்டது.

பிள்ளைகள் எழுதியதை ஜூலியா தன் போன் நெட்டில் வலைப்பூவில் ஏற்றுவார். லிங்க்கைப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். அது வீட்டுக்குள் தாத்தா பாட்டி வரை போகும். யாராவது பின்னூட்டம் எழுதினால் அதை வகுப்பில் திறந்து காட்ட வழியில்லை. அதனால் வரி மாறாமல் கரும்பலகையில் எழுதிப்போடுவார். நாம் எழுதியதையும் ஒருவர் படித்திருக்கிறார் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டுமல்லவா?

தர்ஷினி தாத்தாவின் சட்டையைப் பற்றி எழுதியிருந்தாள். ஃபேக்டரியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், தானே கஞ்சி போட்டு, தானே இஸ்திரி போட்டு உடுத்துகிற தாத்தா.

அதற்கு வந்த ஒரே பின்னூட்டம் திங்கட்கிழமை கரும்பலகை ஏறியது.

‘கஞ்சி கெட்டியா போட்டா அப்பாவுக்குக் கழுத்து அரிக்கும். தண்ணியா கரைக்கச் சொல்லு கண்ணு. உன் அத்தை, ஷோபா க்ளென்.’

சாயங்காலத்துக்குள் பாதி ஜீவனஹள்ளிக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு ஒரே பையன் என்று சொல்லிவந்தவருக்கு ஒரு மகள் இருக்கிறாள். வேற்று மதத்தில் கட்டிக்கொண்டு போனதற்காக இவர் தலைமுழுகிய மகள்.

மளிகைக் கடையில் ஒருவன் கேட்டே விட்டான்: “என்ன பெரியவரே, மாப்ள சௌக்கியமா?”

பள்ளி நெட்டில் திறக்காத பக்கம் பள்ளியில் எவர் கண்ணிலும் படாது என்றுதான் யாரும் நினைப்பார்கள். கரும்பலகையை யார் நினைத்தார்கள்?

சந்திரம்மா ஜூலியா பக்கம் திரும்பினார். வகுப்பில் போன் எடுத்ததே தப்பு. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வெளியாள் கைக்கு லிங்க் போனது எப்படி?

“பேரன்ட்ஸ் குரூப்புல மட்டும்தான் மேடம் போட்டேன். சத்தியமா.”

“அப்ப, உங்க வீட்ல யாராச்சும்…” சந்திரம்மா கோவிந்தப்பாவைப் பார்த்து இழுத்தார்.

“எங்க வீட்ல அந்தப் பேரையே யாரும் எடுக்க மாட்டாங்க.”

அதற்கு மேல் சந்திரம்மா விசாரிக்கவில்லை. பெரிய மனிதர் சொல்லிவிட்டார். மிச்சம் இருந்தது ஜூலியா ஒருத்திதான்.

ஜூலியாவுக்கும் அது புரிந்தது. போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து மேஜை மேல் வைத்தார்.

“அழிக்கணும்னா எழுதின பொண்ணே அழிக்கட்டும் சார்.”

தர்ஷினி தாத்தாவைப் பார்த்தாள். தாத்தா சுவரைப் பார்த்தார். அவள் விரல் திரையில் பட்டது. சட்டை போயிற்று. கஞ்சி போயிற்று. முகம் பார்த்திராத அத்தையும் போனாள்.

“தாத்தா, நிஜமாவே உங்களுக்குக் கழுத்து அரிக்குமா?”

காலருக்குப் போன கையை அவர் பாதி வழியில் மடக்கிக்கொண்டார்.

அந்த மாதக் கடைசியோடு ஜூலியாவை அனுப்பிவிட்டார்கள். புதிதாக வந்த டீச்சர் கரும்பலகையில் பாடத்தை மட்டும் எழுதுகிறார்.

ஜூலியாவும் அந்த மாப்பிள்ளை க்ளெனும் ஒரே சர்ச் என்றும், டீச்சர்தான் ஷோபாவைத் தேடிப்பிடித்து லிங்க் அனுப்பினார் என்றும் ஜீவனஹள்ளியில் பேசிக்கொள்கிறார்கள்.

அது பொய். அனுப்பியவர் கோவிந்தப்பா.