கடைசிக் கட்டை

ஞாயிறு ஆராதனையில் ஜெபமணியின் வலது கை தப்புத் தப்பாகப் போவதற்குப் பழைய டிஜிட்டல் பியானோதான் காரணம் என்று பாடகர் குழு முடிவு செய்திருந்தது. ஆகவே புதியது பார்க்க அவரும் மனைவி லில்லியும் கடைக்கு வந்திருந்தார்கள். பழையதில் சத்தம் தகரம் மாதிரி இருக்கும். கட்டைகளும் தளர்ந்துபோய், அழுத்தினால் அடியில் இடிக்கும். கடையிலிருந்த புதியதில் விரல் வைத்ததும் கட்டை சத்தமில்லாமல் பதமாக இறங்கியது. இடதுபக்கக் கட்டைகள் நெஞ்சுக்குள் அதிர்ந்தன.

"இதுல்லா பியானோ! நம்மது அம்மிக்கல்லு" என்று சிரித்தார்.

வலது கை மேலே போகப் போகச் சிரிப்பு நின்றது.

"இந்தப் பக்கம் செத்துக் கெடக்கே, தங்கச்சி?"

"நல்லாத்தான சார் கேக்குது?" என்றாள் கடைப்பெண்.

"சத்தத்தக் கூட்டும்மா."

கூட்டினாள். பக்கத்தில் மைக் பார்த்துக்கொண்டிருந்தவர் காதைப் பொத்திக்கொண்டார். ஜெபமணி உதட்டைப் பிதுக்கினார்.

"நம்ம பழசே தேவல. அதுல கடைசிக் கட்ட வரைக்கும் டொக்கு டொக்குன்னு பதில் சொல்லும்."

டொக்கு என்றது கட்டை அடியில் இடிக்கும் சத்தம். வலதுபக்கத்தில் அது மட்டும்தான் இவருக்கு இத்தனை நாள் கேட்டிருக்கிறது என்று லில்லிக்கு அப்போதுதான் உறைத்தது.

"நீ சொல்லு லில்லி. இதுல சத்தம் வருதா, வரலையா?"

அவர் அவள் வாயையே பார்த்தபடி, கடைசிக் கட்டையை இன்னும் ஓங்கி அடித்தார்.