வெளியே போன தராசு

“உப்பு பத்தலை. இன்னும் அரைச் சிட்டிகை போடு” என்றார் தராசு.

அது அவருடைய பெயரல்ல. பருப்பும் மிளகாயும் மூட்டை மூட்டையாக வாங்கி விற்கிற மனிதர், எதைப் பார்த்தாலும் கண்ணாலேயே எடை போடுவதால் கடைத்தெரு சூட்டிய பட்டம். இன்றைக்கு அந்தக் கண்ணுக்கு ஓய்வு, வேலையெல்லாம் வாய்க்கு.

மனைவி மறுபேச்சில்லாமல் கறுப்பு பீன்ஸில் அரைச் சிட்டிகை உப்பைத் தூவினாள்.

இருவரும் நின்றிருந்தது அடுத்தவர் சமையலறையில். ஜன்னலுக்கு வெளியே மரங்கள் சிவந்து இலை உதிர்த்துக்கொண்டிருந்தன. இந்த இலையுதிர் காலத்துக்கு மெக்சிகோ பாணியில் ஒரு சைவ விருந்து, அதில் பூசணிதான் கதாநாயகி என்று உணவகத்தின் முதலாளியம்மா முடிவு செய்திருந்தார். அதற்கு ஒரு தலைமைச் சமையல்காரி தேவை. மூன்று பேரைச் சமைத்துக் காட்டச் சொன்னவர், இரண்டு பேரை முதல் வாயிலேயே முகம் சுளித்து அனுப்பிவிட்டார். மூன்றாவது இவள்.

இருபது வருடம் பெரிய பெரிய அடுப்புகளை ஆண்டவள். ஒன்பது மாதமாக வீட்டில் சும்மா இருப்பவள். இந்த வேலையும் கைநழுவினால் இனிமேல் கரண்டியே பிடிப்பதில்லை என்று காலையில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தாள்.

“இது?” சுட்ட பூசணித் துண்டு ஒன்றை நீட்டினாள். ஓரம் கருகி, நடுவில் வெண்ணெயாய்க் குழைந்திருந்தது.

“இனிப்பு முக்கால், புகை வாசனை கால். அருமை. இனிமே இதுல கை வைக்காதே.”

“சோள ரொட்டி?”

“சப்புனு இருக்கு. மாவுல உப்பு மறந்துட்டியா?”

“மறக்கலை. குறைச்சுட்டேன்.”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த முதலாளியம்மா குறிப்புப் புத்தகத்தை மடியில் வைத்தார். “ஏன் சார், சமைக்கிறது அவங்களா, நீங்களா?”

“அவதாங்க. நான் சும்மா ஒரு வாய் ருசி பார்க்கிறேன்.”

“ஒரு வாயா? வந்ததுலேருந்து எண்ணிட்டிருக்கேன். பதினேழு! மிச்சம் மீதிதான் எனக்கா? அவங்க கைக்குக் கரண்டி போறதுக்குள்ள உங்க வாய்க்குப் போயிடுது. ஏம்மா, இந்த மனுஷனை எப்படித்தான் சகிச்சுக்கிறீங்க?”

“அவர் பக்கத்துல இல்லாட்டி எனக்குக் கை ஓடாதும்மா” என்றாள் மனைவி, தலை நிமிராமல்.

“ஓடும், ஓடும். சார், நீங்க வெளியே போங்க.”

தராசுக்கு முகம் வெளிறியது. “குழம்பு பாக்கி இருக்குங்க. அதுதானே முக்கியம்? அஞ்சே நிமிஷம்.”

“ஊஹூம்.”

“ரெண்டு கரண்டி.”

“முடியாது.”

“சரி, உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். அரைக் கரண்டி!”

“இது சந்தை இல்ல சார். கதவு அந்தப் பக்கம்.”

வாழ்நாளில் எந்தப் பேரத்திலிருந்தும் வெறுங்கையோடு எழுந்திராத மனிதர், அன்றைக்கு எழுந்து போனார். போகும்போது திரும்பிப் பார்த்தார். மனைவி கரண்டியைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போங்க, நான் பார்த்துக்கறேன்” என்றாள். அவள் குரலையே அவள் நம்பவில்லை என்று அவருக்குத் தெரிந்தது.

கதவில் பதித்திருந்த வட்டக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார் தராசு. வறுத்த பூசணி விதை, காய்ந்த சிவப்பு மிளகாய், கசப்புக் கோகோ மூன்றையும் அரைத்துக் கூட்டிய குழம்பு உள்ளே தளதளவென்று கொதித்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில், என்ன நினைத்தாளோ, கரண்டியை உதட்டுக்குக் கொண்டுபோனாள்.

முகம் சுருங்கியது. இன்னொரு முறை வாயில் வைத்தாள். மேடையைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு, தட்டில் அடுக்க வைத்திருந்த பூசணித் துண்டுகளில் நாலைந்தை எடுத்து, நசுக்கி, குழம்பில் கொட்டிக் கலக்கினாள்.

“ஐயோ, அதுல கை வைக்காதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!” தராசு கண்ணாடியைத் தட்டினார். முதலாளியம்மா திரும்பாமலே, ஈ ஓட்டுவதுபோல் கையை ஆட்டினார்.

தட்டு பரிமாறப்பட்டது. முதலாளியம்மா ஒரு ரொட்டிச் சுருளைச் சாப்பிட்டார். எதுவும் எழுதவில்லை. இரண்டாவதையும் சாப்பிட்டார். அப்போதும் எழுதவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று தராசு கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது அந்த அம்மாள் மூன்றாவது ரொட்டியைப் பிய்த்து, தட்டில் மிச்சமிருந்த குழம்பை வழித்துக்கொண்டிருந்தார்.

“திங்கட்கிழமை காலையில வந்துடுங்கம்மா. ஆனா அவரை வீட்லயே விட்டுட்டு வாங்க.”

மனைவி கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். கண்ணெல்லாம் ஈரம்.

“நல்லவேளை, தப்பிச்சே! யாரைக் கேட்டுக் குழம்புல பூசணியைக் கொட்டினே?”

“கசந்துதுங்க” என்றாள்.

“என்னது?”

“கோகோ கூடிப்போச்சு. நாக்குல அப்படியே கசந்துது. அதான் இனிப்புக்குக் கொஞ்சம் பூசணி…”

தராசு பக்கத்திலிருந்த வெங்காய மூட்டையின் மேல் தொப்பென்று உட்கார்ந்தார். ஒன்பது மாதத்துக்கு முன் வந்த காய்ச்சல் அவள் நாக்கிலிருந்து ருசி என்பதையே அடியோடு துடைத்துக்கொண்டு போன நாள் முதல், வேளைதோறும் அவளுக்காக ருசி பார்த்துச் சொன்ன அந்த வாய், இப்போது ஒரு குழந்தையைப்போலக் கெஞ்சியது. “இன்னொரு தரம் சொல்லு… எப்படிக் கசந்துது?”