நாலாவது சரணம்

"ஜெயா, போனோமா, கேட்டோமா, வந்தோமான்னு இருக்கணும். அங்க போயி சீன் கிரியேட் பண்ணாத. நமக்கு இன்னும் க்ரீன் கார்டே வரல!" என்றான் தேவநேசன், காரை ஓட்டிக்கொண்டே.

"நான் எதுக்குப் பண்ணப் போறேன்? பண்ண வேண்டியவங்க பின்னால உக்காந்திருக்காங்க" என்றாள் ஜெயசெல்வி.

பின்சீட்டில் வெல்மா கைக்கண்ணாடியைப் பார்த்து நிதானமாக லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டிருந்தார். ஜெர்சி சிட்டியில் இவர்களுக்குக் கீழ்வீடு. அறுபத்தாறு வயதுக் கறுப்பினப் பெண்மணி. முப்பது வருடம் ஸ்கூல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

பேஸ்மென்ட்டில் துணி துவைக்கப் போன இடத்தில்தான் பழக்கம். ஒருநாள் ரேடியோவில் கேட்ட 'ஏழு மணி ரயில்' பாட்டை ஜெயசெல்வி முணுமுணுத்தபோது, பக்கத்து மெஷினில் துணி போட்டுக்கொண்டிருந்த வெல்மா திருத்தினார்.

"அந்த இடத்துல 'நின்னேன்' இல்லம்மா, 'நிப்பேன்'. டெல்மர் தப்பாப் பாடிட்டான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும் மிஸ் வெல்மா?"

"எழுதினது நான்தானே?"

சோப்புத்தூள் தீர்ந்துவிட்டது என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். நாற்பது வருடத்துக்கு முன்பு அவர் ஒரு ரிக்கார்ட் கம்பெனியில் டைப்பிஸ்ட். சாப்பாட்டு நேரத்தில் பழைய கவர்களின் பின்பக்கத்தில் எழுதியது முப்பதுக்கும் மேற்பட்ட பாட்டுகள். ஆனால் இசைத்தட்டில் அச்சானதெல்லாம் பாடியவர்களின் பெயர்தான். "டைப்பிஸ்ட் பொண்ணு பேரைப் போட்டா எவன் வாங்குவான்?" என்று சிரித்தாராம் முதலாளி.

ஜெயசெல்வி நம்பினாள். தேவநேசன் நம்பவில்லை. "ப்ரூஃப் இருக்கா?" என்று கேட்டான். இல்லை. அந்தக் கவர்களெல்லாம் ஒரு மழை வெள்ளத்தில் பேஸ்மென்ட்டோடு போயிருந்தன.

இன்று நகர நூலகத்தில் பாடகர் டெல்மர் வாட்கின்ஸ் பேசுகிறார். உள்ளூர் வரலாற்றுக்காக அதைப் பதிவு செய்து வைக்கப் போகிறார்களாம். இன்று அவர் சொல்வதுதான் நாளைக்கு வரலாறு.

"அங்க என்ன சொல்லப் போறீங்க மிஸ் வெல்மா?"

"தெரியலயே. முதல்ல அவன் என்ன சொல்றான்னு பாப்போம்" என்று கண்ணாடியை மூடினார் வெல்மா.

அரங்கம் நிறைந்திருந்தது. வெள்ளை கோட்டில் வந்த டெல்மருக்கு எழுபது தாண்டியிருக்கும். அவர் பேச்சில் கூட்டம் சொக்கிப்போனது.

"'ஏழு மணி ரயில்' எழுத எனக்கு ஒரே ஒரு மணி நேரம்தான் ஆச்சு. எங்க அம்மாவை நினைச்சு எழுதினது."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஜெயசெல்விக்குக் கோபத்தில் காது சூடானது. கேள்விகள் கேட்கலாம் என்று நூலகப் பெண்மணி அறிவித்ததும் வெல்மாவை இடிப்பதற்காகத் திரும்பினாள். நாற்காலி காலியாக இருந்தது. வெல்மா மைக்கை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

"மிஸ்டர் வாட்கின்ஸ், நாலாவது சரணத்தை ஏன் பாடறதில்ல?"

"நாலாவதா?" டெல்மர் சிரித்தார். "மொத்தமே மூணுதானேம்மா?"

"மூணு நீங்க பாடினது."

சொல்லிவிட்டு வெல்மா பாடினார். குரல் கொஞ்சம் கரகரத்தது. சுருதி மட்டும் இம்மி விலகவில்லை. முதல் மூன்று சரணத்திலும் ஒரு பெண், ரயிலேறிப் போனவனுக்காக நிலையத்தில் காத்து நிற்பாள். வெல்மாவின் சரணத்தில் அவள் நிற்கவில்லை.

'ஏழு மணிக்கு ரயில் வந்து நின்றது,
இறங்கி வந்தவர் எவருமில்லை;
பெட்டியைத் தூக்கி நானே ஏறினேன்,
பிளாட்பாரம் இனி என் வீடில்லை.'

முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டெல்மர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார்.

"வெல்மா... நீயா?"

"நானேதான்."

அவர் தடுமாறினார். "ஆமா... அந்தச் சரணம் இருந்துச்சு. இப்ப ஞாபகம் வருது. நீளமா இருக்குன்னு கம்பெனியில வெட்டிட்டாங்க."

நூலகப் பெண்மணி விடவில்லை. "உங்களுக்கே மறந்துபோன சரணம் இவங்களுக்கு எப்படித் தெரியும் சார்?"

டேப் ஓடிக்கொண்டிருந்தது. டெல்மர் கூட்டத்தைப் பார்த்தார், பிறகு வெல்மாவை. குரல் இறங்கி வந்தது.

"பாடினது நான். எழுதினது இவங்க. இத மட்டும் இல்ல, என்னோட நல்ல பாட்டு எல்லாத்தையும்."

முதலில் எழுந்து கைதட்டியது ஜெயசெல்வி. அடுத்தது, க்ரீன் கார்டை மறந்துவிட்டு, தேவநேசன். அதற்குப்பின் உட்கார்ந்திருந்தவர் யாருமில்லை.

வெளியே வந்ததும் தேவநேசன் தானே ஓடிப்போய்க் கார்க் கதவைத் திறந்துவிட்டான்.

"சாரி மிஸ் வெல்மா, நான் உங்கள நம்பவே இல்ல. ஆனா ஒண்ணு கேக்கணும். இவ்வளவு ஸ்ட்ராங்கான ப்ரூஃபைக் கையில வச்சுக்கிட்டு நாப்பது வருஷமா ஏன் சும்மா இருந்தீங்க?"

"என்ன ப்ரூஃப்?"

"அதான், அந்த நாலாவது சரணம்!"

வெல்மா சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஓ, அதுவா! அம்மாவை நினைச்சு எழுதினேன்னு அவன் அளந்தான் பாரு, அப்பத்தான் யோசிக்க ஆரம்பிச்சேன். கடைசி வரி மட்டும் வராம அடம்பிடிச்சுது; மைக் கிட்ட போறதுக்குள்ள அதுவும் வந்துடுச்சு."